இரண்டு பேட்டரி மாற்றியும் தீராத ஸ்டார்ட்டிங் கோளாறு: ஏற்காடு எஸ்டேட் ஜீப் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வண்டி, 2.5 லிட்டர் நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜின் போட்ட ஜீப். மெக்கானிக்கல் டீசல் பம்ப், கணினி கிடையாது, குளிரில் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கும் கிடையாது. 12 வோல்ட், 70 ஆம்பியர் ஹவர் பேட்டரி. நாகலூர் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் நிற்கிறது. தோட்டத்துக்குள் ஆள், உரம், மூட்டை ஏற்றும் சின்னச் சின்ன ஓட்டம்தான் அதிகம். வாரத்தில் ஓரிரு முறை மிளகோ காப்பியோ ஏற்றிக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் லீ பஜாருக்குப் போய், அன்றே மேலே திரும்பும்.

டிரைவர் சொன்ன புகார் இது:

"ஒரு ராத்திரி நின்னா காலையில கஷ்டப்பட்டு எடுத்துருதுங்ண்ணா. சனிக்கிழமை சாயங்காலம் நிறுத்திட்டு திங்கக்கிழமை வந்து சாவி போட்டா 'டக்'குன்னு ஒரு சத்தம், அதோட சரி. அப்புறம் இறக்கத்துல உருட்டித்தான் எடுக்கணும். கீழ சேலத்துல மத்தியானம் நிறுத்தி எடுத்தாக்கூட செல்ஃப் இழுவையாத்தான் சுத்துதுங்க."

ஒன்றரை வருடத்துக்குள் இரண்டு பேட்டரி மாறியிருக்கிறது. செல்ஃப் மோட்டாரைக் கழற்றி கார்பன் பிரஷ், புஷ் மாற்றியிருக்கிறார்கள். ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரை (பேச்சு வழக்கில் டைனமோ) மீட்டர் வைத்துப் பார்த்து, 14 வோல்ட் வருகிறது, டைனமோ நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். ஆக்சிலரேட்டர் கேபிளும் இரண்டு முறை இறுகிப்போய் மாற்றப்பட்டிருக்கிறது. அதை ஸ்டார்ட்டிங் கோளாறோடு சேர்த்து யாரும் பேசவில்லை. அடுத்து 90 ஆம்பியர் ஹவர் பேட்டரியாகப் போட்டுவிடலாம் என்ற யோசனையில்தான் வண்டி சேலத்தில் பட்டறைக்கு வந்தது.

டிரைவரின் பேச்சை உற்றுக் கேட்டால் அதில் இருப்பது ஒரு புகார் அல்ல, இரண்டு. இரண்டு நாள் நின்றால் செத்துப்போகிறது என்பது நிற்கும் வண்டியில் கரண்ட் எங்கோ கசிவதைச் சொல்கிறது. ஆனால் மலையிலிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல் ஓடி வந்து, லீ பஜாரில் ஒரு மணி நேரம் நிறுத்தி, அந்த வெயிலில், இன்ஜின் சூடாக இருக்கும்போதே செல்ஃப் இழுவையாகச் சுற்றுகிறது என்றால் ராத்திரிக் கசிவு அதற்குக் காரணமாக முடியாது. இரண்டையும் ஒரே கோளாறாக எடுத்துக்கொண்டதால்தான் இவ்வளவு நாள் இழுத்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் புது பேட்டரி போட்டதும் இரண்டு புகாரும் சில வாரங்களுக்குச் சேர்ந்தே மறைந்ததால், பேட்டரிதான் குற்றவாளி என்ற எண்ணமும் உறுதிப்பட்டுவிட்டது.

முதலில் பேட்டரியின் நிலை

ஓடி வந்த வண்டியின் பேட்டரியில் உடனே மீட்டர் வைத்தால் வரும் எண்ணை நம்பக் கூடாது. சார்ஜ் ஏறிய மேல்பூச்சு வோல்டேஜ் சில மணி நேரம் நிற்கும். ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, பத்து நிமிடம் பொறுத்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தபோது 12.1 வோல்ட். ஏறக்குறைய பாதி சார்ஜ்தான்.

மூடி திறக்கக்கூடிய பேட்டரி என்பதால் ஹைட்ரோமீட்டரும் வைக்க முடிந்தது. ஆறு செல்லிலும் ஆசிட் அடர்த்தி 1.170க்கும் 1.180க்கும் நடுவில் இருந்தது. இங்கே எண்ணை விட முக்கியம், ஆறும் ஒன்றுபோல் இருந்ததுதான். ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.050 கீழே இருந்தால் அந்தச் செல் கெட்டது என்று பொருள்; பேட்டரியை மாற்றத்தான் வேண்டும். ஆறும் ஒரே அளவில் கீழே இருந்தால் பேட்டரி பட்டினி கிடக்கிறது, அவ்வளவுதான். அடர்த்தியோடு 0.84 கூட்டினால் ஒரு செல்லின் வோல்டேஜ் கிடைக்கும். 1.175 என்றால் 2.015, ஆறு செல்லுக்கு 12.09. மீட்டர் காட்டியதும் அதேதான். இரண்டு அளவும் ஒத்துப்போகும்போது மீட்டரையும் நம்பலாம், ஹைட்ரோமீட்டரையும் நம்பலாம்.

தட்டுகள் மூழ்கும் அளவுக்கு டிஸ்டில்டு வாட்டர் விட்டு, 5 ஆம்பியரில் ராத்திரி முழுக்க மெதுவாக ஏற்றியதில் அடர்த்தி 1.245 வரை வந்தது. வெப்பப் பகுதிக்கான பேட்டரிகளில் முழு சார்ஜ் என்பதே 1.240, 1.250 அளவுதான், 1.280 வரவில்லையே என்று ஆசிட் ஊற்றினால் தட்டு சீக்கிரம் அரித்துப்போகும். பிறகு லோடு டெஸ்டர் வைத்து 250 ஆம்பியர் இழுத்து 15 விநாடி பிடித்ததில் வோல்டேஜ் 9.9க்குக் கீழே இறங்கவில்லை. 9.6 தாண்டி நின்றாலே தேர்ச்சி. ஆகவே இந்தப் பேட்டரி நல்ல பேட்டரி. புதிது வாங்க வேண்டிய தேவையே இல்லை.

செல்ஃப் சுற்றும்போது வோல்ட் எங்கே தொலைகிறது

முழு சார்ஜ் ஏற்றிய அதே பேட்டரியை மாட்டி, பம்பின் ஃபியூல் கட் சோலனாய்டு ஒயரைக் கழற்றிவிட்டு (இன்ஜின் பிடிக்காமல் சுற்ற மட்டும் செய்ய), செல்ஃப் அடித்தார்கள். அப்போதும் இழுவைதான். கேபிளைக் கவ்வி கரண்ட்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர் காட்டியது 160 ஆம்பியர்.

செல்ஃபைக் கழற்றலாமா வேண்டாமா என்பதை இந்த ஒரு எண்ணே தீர்மானித்துவிடும். மெதுவாகச் சுற்றி, கரண்ட்டும் 300, 400 என்று எகிறினால் செல்ஃபுக்குள் புஷ் தேய்ந்து ஆர்மேச்சர் உரசுகிறது, அல்லது இன்ஜினே இறுக்கமாக இருக்கிறது. மெதுவாகச் சுற்றியும் கரண்ட் குறைவாகவே இருந்தால் வழியில் எங்கோ தடை இருக்கிறது. பேட்டரி நல்லது என்று தெரிந்துவிட்டதால் தடை கேபிளில், டெர்மினலில், அல்லது எர்த்தில் (இன்ஜின், சேஸிஸ் உலோகம் வழியாகக் கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் பாதை)தான் இருக்க முடியும். போன முறை பிரஷ்ஷும் புஷ்ஷும் மாற்றியது வீண் செலவு.

தடையைத் தேட ஓம் மீட்டர் உதவாது. ஆயிரத்தில் பத்து, பதினைந்து ஓம் இருந்தாலே செல்ஃப் இழுவையாகிவிடும். சாதாரண மீட்டரில் அது பூஜ்யமாகத்தான் தெரியும். நூறு இழையில் பத்து இழை மட்டும் மீந்த கேபிளும் பஸ்ஸரில் 'பீப்' என்றுதான் சொல்லும். கரண்ட் ஓடும்போது வோல்டேஜ் எங்கே விழுகிறது என்று பார்ப்பதுதான் வழி. மீட்டரை 20 வோல்ட் டிசி நிலையில் வைத்து, ஒருவர் செல்ஃப் அடிக்க, இன்னொருவர் ஊசியை வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு முறைக்கு 5 விநாடிக்கு மேல் அடிக்கக் கூடாது. இடையில் அரை நிமிடமாவது செல்ஃப் ஆற வேண்டும்.

பேட்டரியின் இரண்டு ஈய முனைகளுக்கு நடுவே 10.9 வோல்ட் இருந்தது. செல்ஃபின் தடித்த போல்ட்டுக்கும் அதன் உடம்புக்கும் நடுவே வெறும் 8.1. ஆக வழியில் 2.8 வோல்ட் காணவில்லை. பாசிட்டிவ் பக்கம், முனையிலிருந்து செல்ஃப் போல்ட் வரை 0.4, சோலனாய்டையும் சேர்த்து 0.5 வரை இருக்கலாம் என்பதால் அதில் குறையில்லை. நெகட்டிவ் பக்கம், முனையிலிருந்து இன்ஜின் பிளாக் வரை 2.4 வோல்ட். இருக்க வேண்டியது 0.2.

அதையே துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்ததில், ஈய முனைக்கும் அதைக் கவ்வும் டெர்மினலுக்கும் நடுவே 0.1. டெர்மினலிலிருந்து சேஸிஸ் போல்ட் வரை 0.2. சேஸிஸிலிருந்து இன்ஜினுக்கு 2.1 வோல்ட். இந்த வண்டியில் பேட்டரி நெகட்டிவ் நேராக இன்ஜினுக்குப் போகாது. சேஸிஸுக்குப் போய், அங்கிருந்து கியர்பாக்ஸுக்கு ஒரு பின்னல் எர்த் பட்டை வழியாகப் போகும். குற்றவாளி அந்தப் பட்டை.

மீட்டர் கையில் இல்லாதவர்களுக்கும் இதற்கு ஒரு சோதனை உண்டு. ஒரு நல்ல ஜம்பர் கேபிளை எடுத்து, ஒரு நுனியைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மறு நுனியைப் பெயின்ட் இல்லாத இன்ஜின் பிளாக்கிலும் மாட்டிவிட்டு செல்ஃப் அடித்துப் பாருங்கள். முன்பைவிட வேகமாகச் சுற்றினால் எர்த் கெட்டிருக்கிறது. இரண்டு நிமிட வேலை. மேலே தோட்டத்தில் டிராக்டர் பேட்டரியிலிருந்து ஜம்பர் போட்டும் சில நாள் வண்டி எடுக்கவில்லை, சில நாள் உடனே எடுத்தது என்று டிரைவர் சொன்னதன் விளக்கமும் இதில் இருக்கிறது. நெகட்டிவ் கவ்வியைப் பேட்டரியில் மாட்டிய நாள் எடுக்கவில்லை. இன்ஜினில் மாட்டிய நாள் எடுத்தது.

ஆக்சிலரேட்டர் கேபிள் ஏன் இறுகியது

எர்த் பட்டை கெட்டுவிட்டால் செல்ஃபின் கரண்ட் பேட்டரிக்குத் திரும்ப வேறு வழி தேடும். இன்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் கரண்ட்டைக் கடத்தாது. இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் மற்ற உலோகங்கள் என்னென்ன? ஆக்சிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள், சைலன்சர் தொங்கும் கம்பிகள். நூற்றுக்கணக்கான ஆம்பியருக்காகச் செய்யப்படாத மெல்லிய கம்பி அதன் பங்கைச் சுமக்கும்போது சூடேறி, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் குழல் உருகிக் கம்பியைப் பிடித்துக்கொள்ளும். 2.1 வோல்ட்டும் 160 ஆம்பியரும் என்றால் 330 வாட்டுக்கு மேல் சூடு. அந்த இணைப்பிலும் அந்தக் கேபிள்களிலும்தான் அது வெளியாகிறது.

ஆக்சிலரேட்டர் கேபிள் அடிக்கடி இறுகும் வண்டி எது வந்தாலும் முதலில் எர்த் பட்டையைப் பார்க்க வேண்டும். மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவில் இறங்கும்போது ஆக்சிலரேட்டர் திரும்பாமல் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பார்த்தால், இது வெறும் ஸ்டார்ட்டிங் பிரச்சினை அல்ல என்பது புரியும்.

பட்டையைக் கழற்றியதில் கியர்பாக்ஸ் பக்க நுனி பச்சை பூத்திருந்தது. இழையில் பாதிக்கு மேல் அறுந்திருந்தது. முன்பு கிளட்ச் வேலைக்காக கியர்பாக்ஸை இறக்கி ஏற்றியபோது பட்டையைப் பெயின்ட் மேலேயே, தட்டை வாஷர் வைத்து முறுக்கியிருக்கிறார்கள். ஏற்காட்டின் பனியும் மழையும் மீதி வேலையைச் செய்திருக்கின்றன.

14 வோல்ட் காட்டியும் சார்ஜ் ஏறாதது

இதே பட்டை சார்ஜிங்கையும் கெடுத்திருக்கிறது. ஆல்டர்னேட்டரின் உடம்புதான் அதன் நெகட்டிவ். அது இன்ஜினில் உட்கார்ந்திருக்கிறது. ஹெட்லைட், வைப்பர், பேட்டரி எல்லாவற்றுக்கும் போன கரண்ட் சேஸிஸ் வழியாக, அதே கெட்ட பட்டை வழியாகத்தான் ஆல்டர்னேட்டருக்குத் திரும்ப வேண்டும்.

இன்ஜினை 2,000 ஆர்பிஎம்மில் வைத்து, ஹெட்லைட்டும் புளோயரும் போட்டு, 30 ஆம்பியர் ஓடும்போது அளந்ததில், ஆல்டர்னேட்டரின் பி பிளஸ் (கரண்ட் வெளியே வரும் பாசிட்டிவ்) போல்ட்டுக்கும் அதன் உடம்புக்கும் நடுவே 14.2 வோல்ட் இருந்தது. பேட்டரியின் ஈய முனைகளில் 13.5. எர்த்தில் 0.45, பாசிட்டிவ் ஒயரில் 0.25 என்று 0.7 வோல்ட் வழியிலேயே போய்விட்டது. வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் ஆல்டர்னேட்டருக்குள் இருக்கிறது. தன் வாசலில் உள்ள வோல்டேஜை மட்டும்தான் அது அறியும். பேட்டரிக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்பது அதற்குத் தெரியாது. 13.5இல் பேட்டரிக்கு ஏறத்தான் செய்யும், ஆனால் மிக மெதுவாக. முழுதாக நிரம்ப 14 அளவுக்காவது கிடைத்தாக வேண்டும். தோட்டத்துக்குள் மூன்று, நான்கு கிலோமீட்டர் ஓடி நிற்கும் வண்டிக்கு அந்த நேரமும் கிடையாது.

முன்பு பார்த்தவர் லைட் எதையும் போடாமல், அல்லது ஆல்டர்னேட்டரிலேயே ஊசியை வைத்துப் பார்த்திருப்பார். லோடு இல்லாமல் ஓடும்போது ஐந்தாறு ஆம்பியர்தான் ஓடும்; வழியில் விழுவதும் சொற்பமாகத்தான் இருக்கும். சார்ஜிங்கைப் பார்ப்பதென்றால் ஹெட்லைட் எரிய வேண்டும், ஊசி பேட்டரியின் ஈயத்திலேயே இருக்க வேண்டும்.

ராத்திரியில் கசியும் கரண்ட்

எர்த் கிடைத்துவிட்டது, செல்ஃப் வேகமாகச் சுற்றுகிறது என்று வண்டியை இந்த இடத்தில் அனுப்பிவிட எல்லா நியாயமும் இருந்தது. அனுப்பியிருந்தால் சில மாதத்தில் வண்டி மறுபடி வந்திருக்கும். எர்த் பட்டை எவ்வளவு கெட்டிருந்தாலும் நிற்கும் வண்டியின் பேட்டரியைக் காலி செய்யாது. திங்கட்கிழமைக் கதைக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை.

செல்ஃப் அடிப்பதால்தான் பேட்டரி இறங்குகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டால் தெரியும். 160 ஆம்பியரில் 5 விநாடி என்பது 800 ஆம்பியர் விநாடி, 0.22 ஆம்பியர் ஹவர். ஓடும்போது சில நிமிடத்தில் திரும்ப ஏறிவிடும். வெறும் 0.4 ஆம்பியர் கசிவோ 12 மணி நேரத்தில் 4.8 ஆம்பியர் ஹவரைத் தின்றுவிடும். இருபது முறை செல்ஃப் அடித்ததற்குச் சமம்.

கசிவை அளக்க, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வைத்து, சிவப்பு ஊசியையும் 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் கழற்றிய நெகட்டிவ் கேபிளுக்கும் நடுவில் தொடராக மாட்ட வேண்டும். கதவைத் திறந்தே வைக்க வேண்டியிருந்தால் கதவு சுவிட்சை அழுத்திக் கட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் கேபின் விளக்கையும் சேர்த்து அளப்பீர்கள். மீட்டர் மாட்டியிருக்கும்போது சாவியைத் தொடவே கூடாது. செல்ஃப் ஒருமுறை இழுத்தால் மீட்டரின் பியூஸ் போய்விடும், சில மீட்டர்களில் மீட்டரே போய்விடும். கிளாம்ப் மீட்டர் இந்த வேலைக்கு ஏற்றதல்ல. விலை குறைந்தவற்றில் பூஜ்யமே 0.1 ஆம்பியருக்கு மேல் அலையும்.

மலைப்பக்கத்தில் மீட்டர் இல்லையென்றால் 12 வோல்ட் 5 வாட் பல்பு ஒன்றை அதே இடத்தில் தொடராக வைக்கலாம். 50 மில்லி ஆம்பியர் ஓடினால் பல்பில் வெளிச்சம் தெரியாது. தெளிவாக எரிகிறது என்றால் பேட்டரி காலியாகும் அளவுக்குக் கசிவு இருக்கிறது.

வண்டி ஓடி வந்து நின்ற உடனே இந்த ஜீப்பில் 0.9 ஆம்பியர் காட்டியது. அரை மணியில் 0.6. இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு 0.37இல் நிலைத்தது. கணினி இல்லாத பழைய டீசல் வண்டியில் 0.05க்கு மேல் எது இருந்தாலும் தேட வேண்டும். ஆனால் இங்கே அளவை விட அதன் போக்கு அதிகம் பேசியது. கணினி உள்ள வண்டிகளில் நின்ற பிறகு கரண்ட் படி படியாக விழும்; ஒவ்வொரு பெட்டியாகத் தூங்கப் போகும். இங்கே படியில்லை, இன்ஜின் ஆற ஆற, அதோடு கூடவே இறங்கியது. சூட்டைப் பொறுத்து மாறும் கசிவு என்றால் முதல் சந்தேகம் ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும், கரண்ட்டை ஒரு பக்கம் மட்டும் விடும் டயோடு. கெட்ட டயோடில் சூடு ஏற ஏறக் கசிவு கூடும்.

பியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்கும் வழக்கமான முறை இங்கே பாதி வழிதான் போகும். ஸ்டீரியோ பியூஸை எடுத்தால் 0.012 குறைந்தது. ஜிபிஎஸ் கருவிக்கு 0.035. யுஎஸ்பி சார்ஜர் 0.010. எல்லாம் சேர்த்தாலும் 0.06கூட வரவில்லை. மீதி 0.31 எந்த பியூஸுக்கும் அசையவில்லை. ஆல்டர்னேட்டரின் தடித்த பி பிளஸ் ஒயர் பியூஸ் பெட்டிக்கு வராமல் நேராகப் பேட்டரிக்குப் போவதுதான் காரணம். எல்லா பியூஸும் பிடுங்கியாயிற்று, கசிவு போகவில்லை, அப்படியென்றால் பேட்டரிக்குள்ளேயே ஷார்ட் என்று முடிவு கட்டுவது பலரும் செய்யும் தவறு. முதல் பேட்டரி அப்படித்தான் குப்பைக்குப் போயிருக்க வேண்டும்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, பி பிளஸ் ஒயரையும் கழற்றி நுனியில் இன்சுலேஷன் சுற்றி, மறுபடி அளந்ததும் 0.37 சட்டென்று 0.06க்கு வந்தது. அதோடு சந்தேகம் தீர்ந்தது.

இதற்கும் மீட்டர் இல்லாத சோதனை உண்டு. பாசிட்டிவ் டயோடு கசியும்போது பேட்டரி கரண்ட் அதன் வழியே தலைகீழாக நுழைந்து, ஸ்டேட்டர் (அசையாமல் நிற்கும் கம்பிச் சுருள்) சுற்றில் புகுந்து, அங்கிருந்து மூன்று சிறு டயோடுகள் வழியாக, சுழலும் பகுதியான ரோட்டருக்குப் போய், ரெகுலேட்டர் வழியாக எர்த் ஆகிறது. ரோட்டருக்குள் கரண்ட் போனால் அது காந்தமாகும். சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, வண்டி நின்று சிறிது நேரம் கழித்து, ஒரு ஸ்குரூ டிரைவரின் நுனியை ஆல்டர்னேட்டர் புல்லியின் நட்டுக்கு அருகே கொண்டு போங்கள். லேசாக இழுத்தால் உள்ளே கரண்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த வண்டியில் இழுத்தது.

ஆல்டர்னேட்டரின் டிசியோடு கலந்து வரும் ஏசி அலையை அளந்தபோது 0.1 வோல்ட்டுக்குள்தான் இருந்தது. 0.5 தாண்டினால் டயோடு கெட்டது என்பது விதி. ஆனால் அந்தச் சோதனை முழுக்க அறுந்த அல்லது முழுக்க ஷார்ட் ஆன டயோடைத்தான் காட்டும். அரை ஆம்பியர் கசியும் டயோடு அதில் அகப்படாது. சார்ஜிங் நன்றாக இருக்கிறது என்பதும் அலை குறைவு என்பதும் சேர்ந்தாலும் டயோடு நல்லது என்று ஆகிவிடாது.

மலையும் சமவெளியும் கோளாறை எப்படி மறைத்தன

டயோடு கசிவு கீழே வெயிலில்தான் அதிகம். மேலே ராத்திரி 13, 14 டிகிரியில் அது குறையும். கீழே அளந்த 0.37 மேலே நள்ளிரவில் அதைவிடக் குறைவாக இருந்திருக்கும். ஸ்டார்ட்டிங்குக்கோ மேலே உள்ள நிலைமைதான் மோசம். குளிரில் இன்ஜின் ஆயில் தடிக்கும், பேட்டரியின் உள்தடை கூடும். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். சேலம் 280 சொச்சம். மேலே காற்றழுத்தம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. அமுக்கத்தின் சூட்டில் மட்டுமே பற்றும் டீசலுக்கு, அதுவும் ஹீட்டர் பிளக் இல்லாததற்கு, வேகமாகச் சுற்றினால்தான் அந்தச் சூடு கிடைக்கும். மெதுவாகச் சுற்றினால் சிலிண்டர் சுவரே சூட்டைத் தின்றுவிடும். ஆகவே கசிவு குறைவாக இருக்கும் இடத்தில் வண்டி எடுக்கவில்லை. கசிவு அதிகமாக இருக்கும் இடத்தில் எப்படியோ எடுத்தது. கீழே கொண்டுவந்து காட்டும்போதெல்லாம் குறை சின்னதாகத் தெரிந்ததற்கு இதுதான் காரணம்.

இன்னொன்று, தோட்டத்துச் சரிவு. உருட்டி எடுக்க முடியும் என்பதால் யாரும் அவசரப்படவில்லை. சாவி ஆன் நிலையில் இல்லாமல் உருட்டினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளலாம். இன்ஜின் ஓடாதவரை பிரேக்குக்கு உதவும் வேக்கம் பம்ப் சுற்றாது, பிரேக் ஒன்றிரண்டு அழுத்தலுக்கு மேல் கல்லாகிவிடும். மலைச் சரிவில் உருட்டி எடுப்பதை வழக்கமாக வைத்துக்கொள்வது ஆபத்து.

சனி மாலை 5 மணி முதல் திங்கள் காலை 7 மணி வரை 38 மணி நேரம். அதிகபட்சமாக, கீழே அளந்த அளவையே வைத்து 0.4 ஆம்பியர் என்றால் 15 ஆம்பியர் ஹவர். சார்ஜ் சரியாக ஏறாமல் 60 சதவீதத்தில் நின்ற 70 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் இருப்பது 42. அதில் 15 போனால் 27. நல்ல எர்த் இருந்தால் 27ஐ வைத்துக்கூட ஒருவேளை எடுத்திருக்கும். கெட்ட எர்த்தும் சேர்ந்ததால் 'டக்' மட்டும் கேட்டது. 90 ஆம்பியர் ஹவர் பேட்டரி போட்டிருந்தால் இன்னும் ஓரிரு நாள் தாங்கியிருக்கும். கசிவும் தடையும் அப்படியே இருந்திருக்கும்.

சரிசெய்தவை

சேஸிஸுக்கும் கியர்பாக்ஸுக்கும் 35 சதுர மி.மீ. தாமிரப் பின்னல் பட்டை, லக் நன்றாக அழுத்தி ஈயம் பூசியது. போல்ட் உட்காரும் இரண்டு இடத்திலும் பெயின்ட்டைச் சுரண்டி உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, பல் வாஷர் போட்டு முறுக்கி, அதன் பிறகுதான் மேலே வாசலின் தடவப்பட்டது. முதலிலேயே தடவிவிட்டு முறுக்குவது தவறு. இதோடு, பேட்டரி நெகட்டிவிலிருந்து செல்ஃபை இறுக்கும் போல்ட்டுக்கு நேராக இன்னொரு 35 சதுர மி.மீ. கேபிள். பேட்டரி முனைகள் தேய்த்துச் சுத்தம் செய்யப்பட்டன. ஆக்சிலரேட்டர் கேபிளும் புதிதாகப் போடப்பட்டது.

ஆல்டர்னேட்டரைப் பிரித்ததில் ஆறு டயோடும் மீட்டரின் டயோடு நிலையில் நல்லவை போலவே காட்டின. மீட்டர் தருவது இரண்டு, மூன்று வோல்ட்தான். 12 வோல்ட்டைத் தலைகீழாகக் கொடுத்து நடுவில் பல்பு வைத்தபோது ஒரு பாசிட்டிவ் டயோடு மட்டும் பல்பை எரியவிட்டது. டயோடு பிளேட்டையே மாற்றினார்கள். இறங்கிப்போன பேட்டரிக்கு நாள்தோறும் சார்ஜ் கொடுத்துச் சூடானதில் டயோடு கெட்டிருக்கலாம். இன்னொரு காரணமும் இருக்கலாம்: ஓடும் இன்ஜினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றி, நின்றால் டைனமோ கெட்டது, ஓடினால் நல்லது என்று பார்க்கும் பழைய பழக்கம். கழற்றிய கணத்தில் எழும் வோல்டேஜ் டயோடையும் ரெகுலேட்டரையும் அடித்துவிடும். அப்படிச் சோதிக்கவே கூடாது.

இந்த வகை டீசலில் பிரேக்குக்கான வேக்கம் பம்ப் ஆல்டர்னேட்டரின் பின்னாலேயே மாட்டியிருக்கும். அதன் ஆயில் சீல் கசிந்து ஆல்டர்னேட்டரின் பின்பக்கம் எண்ணெய்ப் பிசுக்காக இருந்ததால் சீல், ஓரிங் இரண்டும் மாற்றப்பட்டன. ஆல்டர்னேட்டரில் கை வைத்த பிறகு இதைச் சோதிக்காமல் வண்டியை மலையேற விடக் கூடாது: இன்ஜினை நிறுத்திவிட்டு பிரேக் பெடலை நாலைந்து முறை அழுத்தி இறுகச் செய்து, அழுத்தியபடியே இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டும். பெடல் காலுக்குக் கீழே கொஞ்சம் இறங்கினால் வேக்கம் வருகிறது. இறங்காவிட்டால் குழாயோ பம்போ சரியில்லை.

மறுபடி அளந்தவை

செல்ஃப் சுற்றும்போது 185 ஆம்பியர், பேட்டரியில் 10.7 வோல்ட், செல்ஃபில் 10.1. நெகட்டிவ் பக்க வீழ்ச்சி 0.18. சத்தமே மாறிவிட்டது, அரைச் சுற்றிலேயே இன்ஜின் பிடிக்கிறது. ஹெட்லைட் எரிய பேட்டரியில் 14.0. நிற்கும்போது கசிவு, இன்ஜின் சூடாக இருந்தாலும் ஆறியிருந்தாலும் 0.06; அது ஸ்டீரியோ, ஜிபிஎஸ், யுஎஸ்பி சார்ஜர் மூன்றும் எடுப்பதுதான். ஸ்குரூ டிரைவரைப் புல்லி இழுக்கவில்லை.

மேலே தோட்டத்தில் மூன்று ராத்திரி தொடாமல் நிறுத்தியதில் 12.52 வோல்ட் 12.46 ஆனது. மூன்று நாளுக்கு 0.06 ஆம்பியர் என்றால் 4 ஆம்பியர் ஹவர் சொச்சம். வோல்டேஜ் இறக்கமும் அதற்குப் பொருந்துகிறது. பழைய பேட்டரியே வண்டியில் தொடர்கிறது. மழைக்காலம் தொடங்கும் முன் இரண்டு எர்த் போல்ட்டையும் முறுக்கிப் பார்க்கவும், மாதம் ஒருமுறை ஹெட்லைட் எரியவிட்டு பேட்டரி முனையில் வோல்டேஜை எழுதி வைக்கவும் டிரைவரிடம் சொல்லியிருக்கிறது. அந்த எண் 13.8க்குக் கீழே வந்தால் முதலில் பார்க்க வேண்டியது எர்த் பட்டை. இனி யார் கியர்பாக்ஸை இறக்கினாலும் அதைத் திரும்ப மாட்டும் முன் உலோகத்தைத் தேய்க்கச் சொல்லிப் பக்கத்தில் நிற்க வேண்டும்.